கூப்பனை வெட்டி அனுப்பவும்

எங்களை முதன்முதலில் 'நீங்கள்' என்று அழைத்தவர் ஒரு விளம்பரக்காரர்.

அதுவரை எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 'டேய்', 'ஏய்', 'இவனே' என்பவைதான். ஊர்த் தெருவில் எங்கள் அப்பாவையே 'வாடா போடா' என்று கூப்பிடும் சின்னப் பையன்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், கிழிந்துபோன ஒரு காமிக்ஸின் பின்னட்டையிலிருந்து, எங்களை முன்பின் பார்த்திராத ஒரு மனிதர், "நீங்களும் பரிசு பெறலாம்! உங்கள் பெயர், முகவரி எழுதி உடனே அனுப்புங்கள்!" என்றார். ஒன்பது வயதுக்காரர்களிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் யார்தான் பதில் போடாமல் இருப்பார்கள்?

பழைய காமிக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கதைநாயகர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இரும்புக்கை மாயாவி, மாண்ட்ரேக், ரிப் கெர்பி என்று பெருமூச்சு விடுகிறார்கள். விடட்டும். நாயகர்களுக்கு ஆள் இருக்கிறது. அந்த அட்டைகளிலும் ஓரங்களிலும் நின்று கூவிக்கொண்டிருந்த விளம்பரங்களைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையை நாங்கள் தீர்த்துவைக்கிறோம்.

'நாங்கள்' என்றால் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனியில் ஒன்றாக வளர்ந்த ஐந்து பேர். இப்போது அதே தெருவில் மாலைப் பள்ளி நடத்துகிறோம். எழுதுகிற கை ஒன்று, நினைவு ஐந்து பேருடையது. அதனால் எங்காவது கொஞ்சம் மிகைப்படுத்தல் தெரிந்தால் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 1972-ல் வர ஆரம்பித்தது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-ல். நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தது தொண்ணூறுகளில். கடையில் தொங்கிய புது இதழ்களைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. கைக்கு வந்தவை எல்லாம் எடைக்குப் போனவை. எங்களில் ஒருவருடைய அம்மா டவுனில் ஒரு பழைய பேப்பர் கடையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். நோட்டு ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று பிரிக்கும்போது படம் போட்ட புத்தகம் எதுவந்தாலும் முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். கடைக்காரருக்குத் தெரியும். எடை குறைவதைவிட அந்த அம்மா வேலைக்கு வராமல் போவது நஷ்டம் என்பதும் தெரியும்.

அப்படி வந்த காமிக்ஸ் எதிலும் கடைசிப் பக்கம் இருக்காது. கொலைகாரன் யார் என்று இன்றுவரை தெரியாத கதைகள் எங்களிடம் இருபதாவது இருக்கும். இன்னொரு கொடுமையும் உண்டு. புத்தகத்தின் முதல் சொந்தக்காரர், அதாவது காசு கொடுத்து வாங்கிய ஊர்ப் பையன், விளம்பரக் கூப்பனை வெட்டி அனுப்பியிருப்பான். கூப்பன் ஒரு பக்கம் என்றால் அதற்குப் பின்பக்கம் கதை. துப்பறிவாளர் கதவைத் திறக்கிறார், உள்ளே அவர் கண்டது... ஒரு செவ்வக ஓட்டை. அதன் வழியாக அடுத்த பக்கத்துக் குதிரை தெரியும். அறைக்குள் குதிரை எப்படி வந்தது என்று நாங்கள் ஒரு வாரம் விவாதித்திருக்கிறோம். சமூகவியல் படிக்கப் போனபோது, ஒருவருடைய வாய்ப்பு இன்னொருவருடைய கதையில் ஓட்டையாக விழும் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

எங்கள் தெருவிலிருந்து முதன்முதலில் கல்லூரிக்குப் போன அண்ணன் சென்னையில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தார். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடைகளில் கிடைத்த பழைய அமெரிக்க காமிக்ஸ் இரண்டு மூன்றை ஒவ்வொரு விடுமுறைக்கும் கொண்டுவருவார். ஆங்கிலம் அவருக்குப் பாதி தெரியும். மீதியை அவரே எழுதிச் சேர்த்துக்கொள்வார். அவர் சொன்ன கதைகளில் சூப்பர்மேன் எப்போதும் ஒரு பண்ணையாரைத்தான் தூக்கி எறிவார்.

அந்தப் புத்தகங்களின் விளம்பரங்கள்தான் எங்களை மயக்கின. முதல் இடம் சார்லஸ் அட்லஸுக்கு. ஜட்டியோடு நின்று, விரலை எங்கள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருப்பார். விளம்பரமே ஒரு குட்டிக் கதை. கடற்கரையில் ஒரு ஒல்லிப்பிச்சான் தன் தோழியோடு உட்கார்ந்திருப்பான். ஒரு தடியன் வந்து அவன் முகத்தில் மணலை எத்திவிட்டுப் போவான். அவமானப்பட்டவன் வீட்டுக்குப் போய் நாற்காலியை உதைத்துவிட்டு, அட்லஸுக்குக் கடிதம் போட்டு, பயிற்சிப் பாடத்தை வாங்கி, உடம்பை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து தடியனுக்கு ஒரு குத்து விடுவான். கடற்கரையே கைதட்டும். ஒல்லிப்பிச்சானின் எடை 97 பவுண்டு என்று விளம்பரம் சொல்லும். அண்ணன் கணக்குப் போட்டு 44 கிலோ என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் தெருவில் 44 கிலோ இருந்தால் அவர் கல்யாணத்துக்குத் தயாரானவர்.

அட்லஸின் பயிற்சிக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தசையை இன்னொரு தசைக்கு எதிராக அழுத்தினால் போதும். கருவி தேவையில்லை என்றதும் எங்களுக்குச் சந்தோஷம், எங்களிடம்தான் எதுவும் இல்லையே. கையோடு கை கோத்து இழுத்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்தபோது, செங்கல் சூளையிலிருந்து திரும்பிய ஒருவரின் அப்பா நின்று பார்த்தார். "இன்னாடா பண்றீங்க?" என்றார். உடம்பு ஏத்துறோம் என்றோம். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். தோள், கை, முதுகு எல்லாம் அப்படியே அட்லஸ். யாருக்கும் கூப்பன் அனுப்பாமல் வந்த உடம்பு அது.

பிற்பாடு நாங்கள் அதிகம் பேசியது இந்த இடத்தைப் பற்றித்தான். விளம்பரத்தின் கணக்குப்படி உடம்பு இருந்தால் மரியாதை வர வேண்டும். அந்த அப்பா ஊர்த் தெருவில் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார். எதிரே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் 44 கிலோகூட இருக்க மாட்டார். எங்கள் ஊரில் மணலை எத்துகிறவனுக்குத் தசை தேவைப்படவில்லை. அவனுக்குப் பின்னால் நிலம் இருந்தது, பஞ்சாயத்து இருந்தது, சாமி இருந்தது. அதனால்தான் ஜிம்முக்குப் போய்த் திருப்பி அடிப்பதை மட்டுமே விடுதலை என்று சொல்லும் சினிமாவைப் பார்த்தால் எங்களுக்கு அட்லஸ் நினைவு வருகிறார். ரசிக்கலாம். ஆனால் பாடத்தை வாங்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது இடம் கடல் குரங்குகளுக்கு. 'சீ மங்கீஸ்' என்று விளம்பரம். படத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள். தலையில் மூன்று முனை கிரீடம், நீண்ட வால், பின்னால் ஒரு கோட்டை. தண்ணீரில் பொட்டலத்தைக் கொட்டினால் உடனே உயிர் வரும், பழக்கினால் வித்தை காட்டும். விலை ஒரு டாலர் சில்லறை. நாங்கள் எங்கள் தெருக் குழாயடியில் தண்ணீர் வராத நாட்களில்கூட இந்தக் குடும்பத்தை எந்தக் குடத்தில் வளர்ப்பது என்று சண்டை போட்டிருக்கிறோம். குடத்தின் சொந்தக்காரர்களான அம்மாக்களைக் கேட்கவில்லை.

உண்மையில் அந்தப் பொட்டலத்தில் இருந்தது உப்புநீரில் வாழும் பொடிப் பிராணி. ஆர்ட்டீமியா என்று பெயர். மரக்காணம் பக்கம் இறால் ஹேட்சரிகளில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள், இறால் குஞ்சுகளுக்குப் போடும் தீனி அது என்பார்கள். கிரீடம் வைத்த ராஜ குடும்பத்தை எங்கள் பக்கத்து ஆட்கள் குவளை குவளையாக மொண்டு இறாலுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

'உடனே உயிர்' என்பதிலும் ஒரு தந்திரம் இருந்தது. முதல் பொட்டலம் தண்ணீரைச் சுத்தப்படுத்த என்று சொல்லிக் கொடுப்பார்கள். அதிலேயே முட்டைகள் கலந்திருக்கும். ஒரு நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அதற்குள் அவை பொரிந்துவிடும். மறுநாள் இரண்டாவது பொட்டலத்தைக் கொட்டியதும், அப்போதுதான் உயிர் வந்ததுபோல் பிள்ளைகள் கைதட்டுவார்கள். யாரோ எப்போதோ செய்துவைத்த வேலைக்கு, கடைசியில் வந்து ரிப்பன் வெட்டியவர் பெயர் வாங்குவதை நம் ஊர்க் கட்டடத் திறப்பு விழாக்களிலும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது, எக்ஸ்ரே கண்ணாடி. போட்டுக்கொண்டால் கைக்குள் இருக்கும் எலும்பு தெரியும் என்றார்கள். உள்ளே இருந்தது அட்டையும் ஒரு பறவை இறகும்தான். இறகின் இழைகள் ஒளியைச் சிதறடித்து ஒரே பொருளை இரண்டாகக் காட்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் கருப்பாகத் தெரியும். அதுதான் எலும்பு. எங்களுக்கு இந்தக் கண்ணாடியில் பெரிய ஆச்சரியம் ஏற்படவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டுதான் பிறக்கிறார்கள். "எந்த ஊர் தம்பி?" என்று கேட்பார்கள். சொன்னால், "ஊர்லயா, காலனியிலயா?" என்பார்கள். அவ்வளவுதான், சட்டை, தோல், சதை எல்லாம் கடந்து எலும்புவரை தெரிந்துவிடும். இறகுகூடத் தேவையில்லை.

அமெரிக்கக் கூப்பன்களை நாங்கள் அனுப்பவில்லை. டாலர் என்ன நிறம் என்றே தெரியாது. ஆனால் நம் நாட்டு விளம்பரம் ஒன்றில் முழுசாக இறங்கினோம். முப்பதைத் தாண்டியவர்களுக்கு அது மறந்திருக்காது. ஒன்பது கட்டங்கள். 1 முதல் 9 வரை எண்களைப் போட்டு, எப்படிக் கூட்டினாலும் 15 வரச் செய்ய வேண்டும். சரியான விடைக்கு கேமரா, ரேடியோ, கைக்கடிகாரம் பரிசு. நடுவில் 5 போட்டால் மற்றவை தானாக உட்கார்ந்துவிடும். கணக்கில் எங்கள் தெருவே மேதை என்று அன்று இரவு முடிவானது.

கூப்பனில் பெயர் எழுதும் கோடு, முகவரி எழுதும் கோடு, பின்கோடுக்கு ஆறு கட்டங்கள். நாங்கள் விரும்பி நிரப்பிய முதல் விண்ணப்பம் அதுதான். அதற்கு முன் பார்த்த விண்ணப்பங்களில், பள்ளிச் சேர்க்கையோ உதவித்தொகையோ, எதுவாக இருந்தாலும் சாதி என்று ஒரு கோடு இருக்கும். இதில் இல்லை. அந்தக் கோடு எங்கே என்று எங்களில் ஒருவன் திருப்பித் திருப்பித் தேடினான். இல்லை என்று உறுதியானதும் எல்லோருக்கும் ஒரு கிளுகிளுப்பு. ஆனால் முகவரிக் கோட்டில் கதவு எண்ணுக்கு அடுத்து என்ன எழுதுவது? 'காலனி' என்றுதான் எழுத வேண்டும். எழுதினோம். கேட்காத கேள்விக்கும் பதில் போய்விட்டது.

பின்கோடு நாட்டில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15-ல். முத்து காமிக்ஸ் பிறந்த அதே ஆண்டு. அந்த ஆறு எண்கள் மட்டும் ஊருக்கும் எங்களுக்கும் ஒன்றாகவே இருந்தன. கோயில் வேறு, சுடுகாடு வேறு, டீக்கடையில் டம்ளர் வேறு. பின்கோடு ஒன்று. அரசியல் சட்டம் எங்கள் ஊருக்குள் முழுதாக நுழைந்த ஒரே இடம் அந்த ஆறு கட்டங்கள்தான் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம்.

பதில் வந்தது. நாங்கள் வென்றுவிட்டோம்! கேமரா அனுப்பப்படும், பார்சல் செலவுக்கு மட்டும் ஒரு தொகை, வி.பி.பி. வந்ததும் தபால்காரரிடம் கட்டிப் பெற்றுக்கொள்ளவும். கடலை பிடுங்கப் போன கூலி, கீற்று முடைந்த காசு, ஓர் ஆயாவின் சுருக்குப் பை என்று ஐந்து வீட்டிலும் திரட்டினோம். வி.பி.பி.யின் விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் காசு, பிறகுதான் பார்சலைப் பிரிக்கலாம்.

பார்சல் எங்கள் தெருவுக்கு வரவில்லை. தபால்காரர் ஊர் எல்லையோடு சைக்கிளைத் திருப்பிக்கொள்வது வழக்கம். காலனிக் கடிதங்கள் டீக்கடையில் கிடக்கும், யார் கையிலாவது வந்து சேரும். பணம் கட்டும் பார்சல் என்பதால் தபால் நிலையத்துக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அது ஊர்த் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணை. படிக்குக் கீழே நின்று காசைக் கொடுத்து, படிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டு வாங்கினோம். இது எங்கள் ஊர் விசேஷம் என்றுதான் அன்று நினைத்தோம். எம்.ஏ. படிக்கும்போது 2006-ல் வெளியான ஓர் ஆய்வு நூல் கையில் கிடைத்தது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை எப்படியெல்லாம் நடைமுறையில் இருக்கிறது என்று கணக்கெடுத்த நூல். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக் கிராமங்களில் தலித் வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்கப்படுவதில்லை என்று அதில் இருந்தது. நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எங்களுக்குக் கேமரா நினைவு வந்து சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். சிரிக்க வேண்டிய பக்கம் இல்லைதான்.

கேமராவைச் சொல்லவில்லையே. கருப்புப் பிளாஸ்டிக் டப்பா. முன்னால் ஒரு கண்ணாடி வில்லை, மேலே அழுத்த ஒரு பொத்தான். அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். ஃபிலிம் போட இடம் கிடையாது. இப்படி ஒரு பரிசுக்கு நாங்கள் அழுதிருக்க வேண்டும். ஆனால் தெருவே கூடிவிட்டது. அதுவரை எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் புகைப்படம் என்றால் ஏதாவது அட்டைக்கு அரசாங்கம் எடுத்ததுதான். சுருக்குப் பை ஆயா உள்ளே போய்த் தலைவாரி, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல படம் வராது ஆயா" என்றோம். "வரலன்னா இன்னா? எடுக்கும்போது நல்லா ஒக்காரணும் இல்ல?" என்றார். அன்று சாயங்காலம்வரை எங்கள் தெருவில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காமிக்ஸ் விளம்பரங்கள் எதிலும் எங்களைப் போன்ற ஒரு முகம் இருந்ததில்லை. பல்பொடி விற்கும் பிள்ளையும், பேனா பிடித்த பிள்ளையும், மிட்டாய் தின்னும் பிள்ளையும் வெள்ளைவெளேரென்று மாடிவீட்டுப் பிள்ளைகளாக இருந்தார்கள். வாயால் 'நீங்கள்' என்று கூப்பிட்ட விளம்பரம் படத்தில் எங்களைச் சேர்க்கவில்லை. ஃபிலிம் இல்லாத கேமராவின் முன்னால்தான் ஆயாவுக்கு அந்த இடம் கிடைத்தது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்த விளம்பரக்காரர்கள்மேல் எங்களுக்குப் பெரிய கோபம் இல்லை. ஊர்ப் பையனும் அதே கூப்பனை அனுப்பினான், அவனுக்கும் அதே டப்பாதான் வந்தது. எங்களை எல்லோரோடும் சமமாக வைத்து ஏமாற்றிய முதல் ஆள் அவர்தான். சந்தையில் காசுக்குச் சாதி இல்லை என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்களே, அதை நாங்கள் கொஞ்ச நாள் நம்பியது அந்த டப்பாவால்தான்.

கொஞ்ச நாள்தான். கடல் குரங்குகளை விற்றவர் யார் என்று வளர்ந்த பிறகு தேடினோம். ஹெரால்ட் வான் பிரான்ஹட் என்ற அமெரிக்கர். எக்ஸ்ரே கண்ணாடியையும் விற்றவர். கண்ணுக்குத் தெரியாத தங்கமீன் என்று ஒன்றையும் விற்றிருக்கிறார். தொட்டியும் தீனியும் தருவார், மீன் உங்கள் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாது என்று உத்தரவாதமும் தருவார். அதுவரை எங்களுக்கு அவரைப் பிடித்தே இருந்தது. பிறகுதான் அடுத்தது தெரிந்தது. ஆரியன் நேஷன்ஸ் என்ற வெள்ளை நிறவெறி அமைப்போடு அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. 1988-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை வெளிக்கொண்டுவந்தது. கூடவே இன்னொன்றையும். அவர் பிறந்தது யூதக் குடும்பத்தில். எந்த அமைப்புக்குத் துணை நின்றாரோ அதன் வெறுப்புப் பட்டியலில் யூதர்களுக்குத்தான் முதலிடம். பெயரில் இருந்த 'வான்' பிறப்பிலேயே வந்ததல்ல, ஜெர்மன் பிரபுக்களின் பெயரில் வரும் ஒட்டு, அவரே சேர்த்துக்கொண்டது. கிரீடம் வைத்த குடும்பத்தை ஏன் வரைய வைத்தார் என்று எங்களுக்குப் புரிந்ததுபோல் இருந்தது.

சார்லஸ் அட்லஸும் பெயர் மாற்றியவர்தான். இத்தாலியிலிருந்து சிறுவனாக நியூயார்க் வந்த ஆஞ்சலோ சிசிலியானோ. வந்தேறிகளை ஏளனமாகப் பார்த்த நாட்டில் அந்தப் பெயரோடு உடம்பு விற்க முடியாது என்று நினைத்திருந்தால் அவரைக் குறைசொல்ல முடியுமா? எங்கள் நண்பர்கள் சென்னையில் வாடகை வீடு தேடும்போது ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு மாவட்டப் பெயரை மட்டும் சொல்கிறார்கள். கூரை வேண்டும், அதற்காகச் சொல்கிறார்கள். அடிக்குத் தப்ப முகவரியை மறைப்பது வேறு. அடிக்கிறவர் கூட்டத்தில் சேரப் பெயரோடு கிரீடம் ஒட்டிக்கொள்வது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, 'அடையாளத்தை மறைக்கும் கோழைகள்' என்று மேடையில் பேசும் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

காசுக்குச் சாதி இல்லை என்ற நம்பிக்கை முழுதாகப் போனது அம்பேத்கரைப் படித்தபோது. 1920 ஜனவரி 31-ல் அவர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். வாயில்லாதவர்களின் தலைவன் என்று பொருள். கோலாப்பூர் சாகு மகராஜ் 2500 ரூபாய் கொடுத்து உதவினார். இப்படி ஓர் இதழ் வருகிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டுமே? திலகரின் 'கேசரி'க்கு ஒரு விளம்பரம் அனுப்பினார்கள். இலவசமாகக் கேட்கவில்லை, கட்டணம் தருவதாகச் சொன்னார்கள். கேசரி போட மறுத்துவிட்டது. விளம்பரப் பக்கம் என்பது காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் இடம் என்றல்லவா நினைத்திருந்தோம்? அங்கும் ஒரு திண்ணை இருந்திருக்கிறது, படிக்குக் கீழே நிற்க வைக்கிற திண்ணை. ஏமாறுவதற்கு எங்கள் காசு செல்லும். பேசுவதற்குச் செல்லாது. நாங்கள் வாங்குகிறவராக இருக்கும்வரை 'நீங்கள்'. சொல்ல வந்தால் 'டேய்'.

இப்போது மாலைப் பள்ளியில் மாதம் ஒரு வகுப்பு விளம்பரம் பிரிக்கும் வகுப்பு. பழைய காமிக்ஸ் அட்டைகளைத் தரையில் பரப்புவோம். பிள்ளைகள் முதலில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "இதையெல்லாமா அண்ணா நம்புனீங்க?" என்பார்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் வீட்டுச் செல்போனில் வந்த விளம்பரங்களை எடுக்கச் சொல்வோம். ஐந்து நிமிடத்தில் கடன், மூன்று மாதத்தில் ஆங்கிலம், வீட்டிலிருந்தே வருமானம். சிரிப்பு அடங்கிவிடும். எந்த விளம்பரமாக இருந்தாலும் ஐந்து கேள்விகள். யார் பேசுகிறார்? யாரைப் பார்த்துப் பேசுகிறார்? படத்தில் யார் இல்லை? பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது? பிரிப்பதற்கு முன்பே காசு கேட்கிறாரா? சமூகவியலில் இரண்டு வருடம் படித்ததில் பாதி இந்த ஐந்துக்குள் வந்துவிடும்.

சென்ற ஆண்டு வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொண்டது விளம்பரமே இல்லை, ஓர் அறிவிப்பு. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். எங்கள் தெருவில் அன்று இனிப்பு கொடுத்தார்கள். நாங்களும் வாங்கித் தின்றோம். சொல்தானே என்று அலட்சியமாகச் சொல்கிறவர்கள் அந்தச் சொல்லை ஒரு கூப்பனில் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை எழுத வேண்டிய கட்டாயம் எங்கள் பிள்ளைகளுக்கு இனி இல்லை என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் கேள்விகள் ஐந்தும் அப்படியேதான் இருக்கின்றன. நான்காவது கேள்விக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து பதில் சொன்னாள். "பேரு மாத்துறது அட்டை அண்ணா. உள்ள சுடுகாட்டுப் பாதை இருக்கான்னு பாக்கணும்." எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு இன்றும் வரப்பு வழியாகத்தான் பிணம் தூக்கிப் போகிறோம். மழைக்காலத்தில் இடுப்பளவு சேறு. அந்தப் பிள்ளையின் தாத்தாவை அப்படித்தான் தூக்கிப் போனோம். அதற்கு மேல் அன்று நாங்கள் பாடம் நடத்தவில்லை. பாதைக்கான மனுவை எழுத உட்கார்ந்தோம். ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்களின் தேதியையும் அந்தப் பிள்ளையே எழுதினாள். அவள் கையெழுத்து எங்களுடையதைவிட நன்றாக இருக்கும்.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய பேப்பர் கடையிலோ காமிக்ஸ் கிடைத்தால் கதையைப் படித்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளம்பரத்தையும் படியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஐந்து கேள்விகளையும் கேட்டு, என்ன கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். கடைசிப் பக்கம் கிழியாமல் இருக்கிற புத்தகம் கிடைத்தால் கொலைகாரன் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், முப்பது வருடமாகக் காத்திருக்கிறோம். தபாலில் அனுப்பினாலும் பரவாயில்லை. இப்போது வருகிற தபால்காரர் புதியவர், இளைஞர், எங்கள் தெரு முனைவரை வந்து மணி அடிக்கிறார். தெருவுக்குள் வர வைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.